திரும்பி வரும் பிள்ளைக்கு இடம் கொடுங்கள்: கடலூர் மாவட்டத் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

கடலூரில், கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான ஒரு சிறிய பள்ளியில் 14 ஆண்டுகளாகச் சிறப்பாசிரியையாக இருக்கிறேன். அதற்கு முன்பு ஐந்து ஆண்டுகள் உங்களைப் போலவே ஒரே வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன். நாற்பது நோட்டுகளைத் திருத்திவிட்டு வீட்டுக்குப் போகும்போது தோள் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு இப்போது எமிஸ் (மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் அரசுத் தளம்) பதிவு வேலையும் சேர்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். எங்களிடம் வந்தபோது அவனுக்கு 13 வயது. நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு கிராமம். காலையில் அப்பா வண்டியில் கொண்டுவந்து விடுவார், மாலையில் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் அவனே பஸ் ஏறிப் போவான். "பண்ருட்டி, பண்ருட்டி" என்று கண்டக்டர் கூவுவதைக் காதில் வாங்கித்தான் ஏறுவான். ஒருநாள் நல்ல மழை. எந்தக் கண்டக்டரும் கீழே இறங்கவில்லை. பையன் போர்டைப் பார்த்து ஏறிவிட்டான். கெடிலம் பாலம் வரை ஒன்றும் தெரியவில்லை. பெண்ணையாற்றுப் பாலம் வந்த பிறகுதான் அது பாண்டி பஸ் என்று புரிந்திருக்கிறது.

மறுநாள் தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் சொன்னான். சிலேட்டில் இரண்டு பெயரையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். பாண்டி. பண்ருட்டி. இரண்டிலும் முதலில் ப, நடுவில் ண், கடைசியில் டி. உங்களுக்கும் எனக்கும் அவை இரண்டு ஊர்கள். அவனுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே உருவம், ஒன்று மட்டும் கொஞ்சம் நீளம். கண் பரிசோதனை செய்தாயிற்று, பார்வையில் கோளாறு இல்லை. புத்தியிலும் இல்லை. தவறான பஸ் என்று தெரிந்ததும் இறங்கி, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் நின்று, இரண்டு பேரிடம் விசாரித்து, கையில் இருந்த சில்லறைக்குள்ளேயே வீடு போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த மழையில் அப்படிச் சமாளித்த பிள்ளை, எட்டு ஆண்டுகள் பள்ளிக்குப் போய், எட்டு ஆண்டும் அடுத்த வகுப்புக்கு அனுப்பப்பட்டவன். ஒரு பஸ் போர்டைப் படிக்க அவனால் முடியவில்லை என்பது அந்த எட்டு ஆண்டில் யார் கண்ணிலும் படவில்லை.

யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் இதைச் சொல்லவில்லை. என் கண்ணிலும் படாமல் போயிருக்கிறது. பழைய பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்தபோது ஒரு பையன் 'கோழி' என்ற சொல்லை எப்போதும் தப்பாகவே எழுதுவான். நூறு முறை எழுதிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பினேன். எழுதிக்கொண்டு வந்தான். முதல் பத்து ஒழுங்காக இருந்தன. நாற்பதுக்குப் பக்கத்தில் 'காழி' ஆகியிருந்தது. எழுபதைத் தாண்டி 'கேழி'. வீட்டில் அம்மாவை எழுத வைக்கவில்லை, தானே உட்கார்ந்து எழுதியிருக்கிறான், கடைசி வரிவரை கையெழுத்தில் அந்தப் பாடு தெரிந்தது. நான் சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்தேன். இந்த வேலைக்குப் படிக்கப் போன பிறகுதான் அந்த நோட்டில் அவன் எனக்கு என்ன சொல்லியிருந்தான் என்று புரிந்தது. அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியாது. அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழி இல்லை.

அந்த 'கோ'வைக் கொஞ்சம் பாருங்கள். க் என்ற ஒலி முதலில், ஓ என்ற ஒலி பிறகு. காது கேட்பது அந்த வரிசையில். ஆனால் எழுதும்போது இரட்டைக்கொம்பு முதலில் வருகிறது, நடுவில் க, அப்புறம் துணைக்கால். ஒரே ஓசையின் அடையாளம் எழுத்துக்கு இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. நமக்கு ஐந்து வயதில் எப்படியோ பழகிவிட்டது. இந்தப் பிள்ளைகளுக்கு அது தானாகப் பழகுவதில்லை. கொம்பை விட்டால் 'கா', காலை விட்டால் 'கே'. அந்தப் பையன் எழுதிய 'காழி'யும் 'கேழி'யும் கவனக்குறைவே இல்லை. கை சோர்ந்தபோது ஒவ்வொரு பக்கமாக உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உகரக் குறிகளும் அப்படித்தான். கு, சு, டு, து, மு என்று எழுதிப் பாருங்கள். ஒரே ஓசைக்கு ஒவ்வொரு எழுத்திலும் ஒவ்வொரு வால். 'கௌ'வில் ஔகாரக் குறி பார்ப்பதற்கு அப்படியே ள. 'கடல்', 'அகம்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே க, வாயில் மூன்று விதம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு ணை, னை, லை, ளை எல்லாம் தும்பிக்கை போன்ற தனிக் கொம்போடு இருந்தன. அவை ஒழுங்கானது எத்தனை பிள்ளைகளின் பாரத்தைக் குறைத்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தமிழ் எழுதுவதுபோலப் படிக்கும் மொழி, இதில் என்ன கஷ்டம் என்று பல ஆசிரியர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தைவிட ஒலிக்கும் எழுத்துக்கும் பொருத்தம் அதிகம் என்பது உண்மை. ஆனாலும் 247 எழுத்துகளையும் அவற்றின் குறிகளையும் மூளை வேகமாகக் கோத்து எடுக்க வேண்டுமே. டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பையும் எழுத்தையும் பாதிக்கும் கற்றல் குறைபாடு, உள்ள பிள்ளைக்கு அந்தக் கோர்வைதான் தாமதம். எழுத்துக்கூட்டிக் கடைசி எழுத்துக்கு வந்து சேரும்போது முதல் எழுத்து நழுவிப் போயிருக்கும்.

எங்கள் பள்ளியில் ஒரு ஆசிரியைக்கு ஐந்து, ஆறு பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம், தனி நோட்டு. தேவனாம்பட்டினத்துக் கடற்கரை மணலைச் சலித்து, காயவைத்து, சாப்பாட்டுத் தட்டில் பரப்பி வைத்திருக்கிறோம். பிள்ளை ஆள்காட்டி விரலால் எழுத்தை எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'கோ' என்று சொல்லி, கொம்பைப் போட்டு, க போட்டு, காலை இழுத்து, மறுபடி 'கோ' என்று சொல்லி முழு எழுத்தையும் ஒரே வீச்சில் தடவிப் பார்க்க வேண்டும். காது, வாய், கண், விரல் நான்கும் ஒன்றாக வேலை செய்தால்தான் அந்த எழுத்து உள்ளே போய் உட்கார்கிறது. ஒரு எழுத்துக்கு ஒரு வாரமும் ஆகும். திங்கள்கிழமை கற்றது புதன்கிழமை மறந்துபோகும், மறுபடி தட்டை எடுப்போம். நாங்கள் கோபப்படாமல் இருப்பது பெரிய குணத்தால் என்று நினைக்காதீர்கள். இந்த மறதி எதனால் என்று தெரிந்துவிட்டால் கோபம் தானாக வராது.

கணக்கில் இன்னொரு விதம். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை வந்தாள். சீசனில் பாட்டியோடு சாலையோரம் பலாச்சுளை விற்பவள். ஐநூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தால் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுப்பாள். தாளில் தொண்ணூற்றி ஒன்று என்று எழுதச் சொன்னால் 901 என்று எழுதினாள். யோசித்துப் பார்த்தால், நம் தமிழில் அந்தச் சொல்லுக்குள்ளேயே 'நூறு' ஒலிக்கிறது. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒலிக்கிறது. காதை நம்பி எழுதும் பிள்ளை வேறு எப்படி எழுதுவாள்? பத்து பத்தாகக் கட்டிய தீக்குச்சிக் கட்டுகளை ஒன்பது எடுத்து வைத்து, பக்கத்தில் ஒரு ஒற்றைக் குச்சியை வைத்துக் காட்டியபோது, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "அப்போ நூறு இதுல இல்லையா மிஸ்?" என்று கேட்டாள். அவள் எழுதிய 901க்கு அதுவரை சுழித்த சிவப்புச் சுழிகள் எத்தனையோ! அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்டதில்லை.

இந்தக் கற்றல் குறைபாடு புதிதாக யாரோ கண்டுபிடித்த நோய் என்று சிலர் நினைக்கிறார்கள். 1896இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். நல்ல புத்திசாலி, கணக்கு வரும், படிக்க மட்டும் வரவில்லை. பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக அதில் இருக்கிறது. அதே வார்த்தையை நம் மாவட்டத்து ஆசிரியர்கள் வாயிலிருந்தும் நான் கேட்டிருக்கிறேன். "வாயால கேட்டா எல்லாம் சொல்றான் மேடம், எழுதச் சொன்னாத்தான் ஒண்ணுமில்ல." அந்த ஒரு வரி போதும், நீங்கள் பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

மீதி தூரத்துக்குச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, முன்பு 7ஆக இருந்த குறைபாடுகளின் பட்டியலை 21ஆக விரித்தபோது கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. அதன் 16ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளையும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் பார்த்து இரண்டு விஷயம் சொல்கிறது. பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும். 2018இல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதல் இன்னும் தெளிவாக, மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ, எது முன்னால் வருகிறதோ அப்போது, வகுப்பாசிரியர் பிள்ளைகளைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்றது. அதற்குப் பள்ளிதோறும் தலைமை ஆசிரியர் தலைமையில் ஒரு குழு இருக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. உங்கள் பள்ளியில் அந்தக் குழு இருக்கிறதா என்று ஒருமுறை பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

'மெல்ல மலரும் மாணவர்' என்ற நல்ல சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள்ளேயே இந்தப் பிள்ளைகளையும் போட்டுவிடுவதில்தான் எனக்கு மனக்குறை. மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கு அதே பாடத்தை இன்னும் இரண்டு முறை நடத்தினால் பலன் இருக்கும். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு அதே வழியில் இருபது முறை நடத்தினாலும் என் 'கோழி' கதைதான். வழியை மாற்ற வேண்டும். பத்தாம் வகுப்பில் கொடுக்கும் மெல்லக் கற்போர் கையேட்டையும் படித்துத்தானே மனப்பாடம் செய்ய வேண்டும்?

சரி, இவ்வளவும் முன்னுரை. நான் இந்த மடலை எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக.

எங்களிடம் வரும் பிள்ளைகள் எங்களிடமே இருந்துவிட வேண்டியவர்கள் இல்லை. இரண்டு ஆண்டு, சிலருக்கு மூன்று ஆண்டு. அதற்குள் வாசிப்பு ஒரு நிலைக்கு வந்துவிடும். வேகம் குறைவாக இருக்கும், எழுத்துப்பிழை கடைசிவரை கொஞ்சம் இருக்கும், ஆனால் பாடத்தைத் தானே படித்துப் புரிந்துகொள்ளும் நிலைக்கு வந்துவிடுவார்கள். அப்போது அவர்கள் தங்கள் ஊர்ப் பள்ளிக்கு, தங்கள் தெருப் பிள்ளைகளோடு திரும்பிப் போக வேண்டும். எங்கள் வேலையின் நோக்கமே அதுதான். அந்த இடத்தில்தான் கதவு சாத்தப்படுகிறது.

எப்படிச் சாத்தப்படுகிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் யாரும் முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்வதில்லை. "எட்டாம் வகுப்பில் இடமில்லை, ஒன்பதில் பார்க்கலாம்" என்பார்கள். ஒன்பதுக்குப் போனால் "அடுத்த வருடம் பொதுத்தேர்வு, ரிஸ்க் எடுக்க முடியாது" என்பார்கள். ஒரு பள்ளியில், அம்மாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, மிக அன்பாக, "அங்கேயே சந்தோஷமாத்தானே இருக்கான், ஏன் இங்க கொண்டுவந்து கஷ்டப்படுத்துறீங்க?" என்று கேட்டார்கள். அந்த அம்மா குறிஞ்சிப்பாடியில் தறி நெய்பவர். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். வெளியே வந்து என்னிடம், "மிஸ், நல்லாத்தான் பேசினாங்க" என்றார். பையன் பேசவே இல்லை. முந்தின வாரம் முழுக்க அந்தப் பள்ளியில் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு பக்கத்தை வாசித்து வாசித்துப் பழகியிருந்தான். அவனை வாசிக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

தேர்ச்சி விகிதம் உங்கள் தலைக்கு மேல் கத்தி போலத் தொங்குவது எனக்குத் தெரியும். மே மாதம் முடிவு வந்ததும் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் சலுகை இருக்கிறது. கூடுதலாக ஒரு மணி நேரம், பிள்ளை சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு. மருத்துவச் சான்றிதழோடு அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும், அது பள்ளி வழியாகத்தான் போகும். கடைசி நேரத்தில் ஓடுவதுதான் சிக்கல். பத்தாம் வகுப்பில் டிசம்பரில் நினைவு வந்து சான்றிதழுக்கு அலைந்தால் கிடைக்காது. எட்டாம் வகுப்பிலேயே கோப்பைத் தொடங்கினால் ஒரு ஓட்டமும் இல்லை. நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு பிள்ளையோடும் அந்தக் கோப்பு வரும்: மதிப்பீட்டு அறிக்கை, சான்றிதழ் நகல், எது வரும் எது வராது என்று இரண்டு பக்கக் குறிப்பு. உங்கள் உதவியாளர் செய்ய வேண்டியது அதைப் பீரோவில் தொலைக்காமல் வைத்திருப்பது.

வகுப்பாசிரியரிடம் கேட்பது இன்னும் சிறியது. எல்லோர் முன்னாலும் திடீரென்று எழுப்பிப் படிக்கச் சொல்லாதீர்கள். படிக்க வைக்க வேண்டுமென்றால் முந்தின நாளே எந்தப் பத்தி என்று காதில் சொல்லிவிடுங்கள், வீட்டில் தயாராகி வருவான். கரும்பலகையில் இருப்பதை முழுக்க நோட்டில் எழுதி முடித்தால்தான் இன்டர்வெல் என்று சொல்லாதீர்கள். பக்கத்துப் பிள்ளையின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிக்கொள்ளட்டும். வகுப்புத் தேர்வில் கேள்வியை ஒருமுறை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள், மற்றப் பிள்ளைகளுக்கும் அது நல்லதுதான். அறிவியல் தாளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். 'ஒளிச்சேர்க்கை'யில் ள வரவேண்டிய இடத்தில் ல போட்டிருந்தாலும், இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்று அவன் சரியாகச் சொல்லியிருக்கிறானா என்று பாருங்கள்.

வட்டார வள மையத்தில், அதாவது வட்டாரத்துப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை மையத்தில், சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். ஒருவரே பல பள்ளிகளைச் சுற்றி வருகிறார், நடக்க முடியாத பிள்ளை, காது கேளாத பிள்ளை என்று எல்லோருக்கும் அவர்தான். அவர் வரும் நாளில் இந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்லுங்கள். சக்கர நாற்காலி கண்ணுக்குத் தெரியும். இந்தப் பிள்ளையின் கஷ்டம் யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும்.

நன்றியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கடலூர் முதுநகர்ப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் ஒரு தலைமை ஆசிரியர், நான் அனுப்பிய பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, தன் அறைக்குப் பக்கத்து வகுப்பில் போட்டு, தினமும் மதியம் பத்து நிமிடம் செய்தித்தாள் தலைப்பை வாசிக்க வைத்தார். ஐயா, நீங்கள் இதைப் படித்தால், உங்களைத்தான் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரியும். அந்தப் பிள்ளை இப்போது தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் படிக்கிறான். வயரிங் வரைபடத்தைப் பார்த்தவுடன் புரிகிறது என்று வந்து சொல்லிவிட்டுப் போனான்.

வரும் ஜூனில் எங்களிடமிருந்து ஆறு பேர் வெளியே வருகிறார்கள். இரண்டு பேர் ஏழாம் வகுப்புக்கு, மூன்று பேர் எட்டுக்கு, நெல்லிக்குப்பத்துப் பையன் பத்துக்கு. அவன் இப்போது கண்டக்டர் கூவுவதற்குக் காத்திருப்பதில்லை. பஸ்ஸுக்கு முன்னால் நின்று, உதடு அசைய, போர்டை முழுக்கப் படித்துவிட்டுத்தான் ஏறுகிறான். ஏப்ரல் கடைசியில் அவர்கள் பெற்றோரோடு உங்கள் அலுவலகத்துக்கு வருவார்கள். தயவுசெய்து அந்தப் பிள்ளையிடமே பேசுங்கள். ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள், முடிக்கும்வரை பொறுத்திருங்கள். சேர்த்துக்கொண்டால் முதல் நாள் நானும் கூட வருகிறேன். முதல் பருவம் முடியும்வரை மாதம் ஒரு சனிக்கிழமை உங்கள் பள்ளிக்கு வந்து வகுப்பாசிரியரோடு உட்கார்ந்து அவன் நோட்டுகளைப் பார்க்கவும் தயாராக இருக்கிறேன். எந்தச் சனிக்கிழமை வசதிப்படும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கடலூரிலிருந்து ஒரு சிறப்பாசிரியை